சூதாடி பாவியா, நோயாளியா?

சூதாட்டம் ஹராம் என்பதில் நம் வீடுகளில் எவருக்கும் ஐயமில்லை. ஐயம் எழுவதெல்லாம் சூதாடியைப் பற்றித்தான். தொழுகையை விடாத பிள்ளை ஒருவன் கைபேசியில் சீட்டாடிச் சம்பளத்தைத் தொலைக்கிறான். அழுது தவ்பா செய்கிறான். வாப்பா கடனை அடைக்கிறார். மூன்றாம் மாதம் கடன் கொடுத்தவர் மீண்டும் வாசலில் நிற்கிறார். அவன் செய்த தவ்பா பொய்யா? அவனைக் கண்டிப்பதா, வைத்தியரிடம் கூட்டிச் செல்வதா?

மனநல மருத்துவர்கள் சொல்வதை முதலில் கேட்போம். கட்டுக்கடங்காத சூதாட்டத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் அதை இடம் மாற்றி, மது, போதைப்பொருள் ஆகியவற்றுக்கு அடிமையாதலைக் கூறும் அதிகாரத்திலேயே வைத்தது. மதுவும் மைஸிரும் திருமறையில் (5:90) ஒரே வசனத்தில் விலக்கப்பட்டிருப்பது வாசகர்களுக்கு நினைவு வரும். இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்வது நம் நோக்கமன்று. மார்தட்டிவிட்டு, வீட்டிலிருக்கும் சூதாடியை மறந்துவிடுவதுதான் நமக்குப் பழகிப்போன காரியம்.

கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சிந்திக்கத்தக்கது. சுழலும் படம் வெற்றிக்கோட்டுக்கு ஒரு கட்டம் தள்ளி நின்றுவிட்டால் அது தோல்விதான். ஆயினும் வெற்றியின்போது மூளையில் கிளர்ச்சியடையும் பகுதிகளில் சில அப்போதும் கிளர்ச்சியடைந்தன. ஆடியவர்கள் அந்தத் தோல்வி கசந்ததென்றே கூறினார்கள். ஆனால் படத்தைத் தாமே தேர்ந்தெடுத்திருந்தால், மேலும் ஆடும் ஆசை அவர்களுக்குக் கூடவே செய்தது. 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று அவன் கெஞ்சுவதன் மர்மம் இதில் ஓரளவு விளங்குகிறது.

மேற்படி சங்கம் இந்நோய்க்கு ஒன்பது அடையாளங்கள் வகுத்திருக்கிறது. இழந்ததை மீட்கத் திரும்பத் திரும்ப வருதல் ஒன்று, மறைக்கப் பொய் சொல்லுதல் ஒன்று. பணமுடையிலிருந்து தப்பப் பிறர் கையை எதிர்பார்த்தலும் அவற்றில் ஒன்று! பெற்ற பாசத்தால் வாப்பா ஓசைப்படாமல் அடைத்த கடனும் நோயின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

நோய் என்றதும் பாவம் நீங்கிவிடுமா? நீங்காது. புத்தி பேதலித்தவன் மீதுதான் மார்க்கக் கடமை இல்லை. கடன் வாங்க ஆள் தேடவும், பொய்யைக் கோர்வையாகச் சொல்லவும் தெரிந்தவனை அந்த வரிசையில் வைக்க முடியாது. அதற்காக அவன் இரவில் வடித்த கண்ணீர் நடிப்பு என்பதையும் நாம் ஒப்பமாட்டோம். இரவில் உறுதி கொண்டவனும் அவன்தான், காலையில் அதைக் காக்க முடியாமல் நிற்பவனும் அவன்தான். அவனுக்கு வேலி வேண்டும். அதைப் போடும் உரிமை யாருக்கு என்பதுதான் கடினமான கேள்வி.

நம் ஃபிக்ஹு நூல்களில் இக்கேள்வி பழையது. பொருளை வீணாக்குபவன் கையில் அதை ஒப்படைக்கலாகாது என்பதற்குத் திருமறையின் 4:5 வசனத்தை ஆதாரமாகக் கொண்டு, அத்தகையவனின் கொடுக்கல் வாங்கலைத் தடுத்து வைக்கலாம் என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, புத்தியுள்ள வயது வந்தவனை அவ்வாறு தடுப்பதை ஏற்கவில்லை. அவன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்வது அவனைக் கால்நடை நிலைக்குத் தாழ்த்துவதாகும். அது பொருள் இழப்பைவிடப் பெரிய தீங்கு என்பது அத்தரப்பின் வாதம். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவருமே இதில் ஆசிரியரோடு மாறுபட்டார்கள்.

நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரில் 2010-இல் சூதாட்ட மாளிகைகள் திறந்தன. அங்கே குடும்பத்தார் விண்ணப்பித்து, விசாரணைக்குப்பின் ஒருவரை உள்ளே விடாதபடி ஆணை பெறலாம். தன்னை உள்ளே விடவேண்டாமென்று ஒருவர் தாமே எழுதிக் கொடுக்கவும் வழியுண்டு. இந்த இரண்டாவது வழியே நமக்கு மிகவும் பிடித்தது. அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் காக்க நினைத்த மானமும் இதில் கெடுவதில்லை. தவ்பா செய்த அந்த இரவிலேயே அவன் தன் கையாலேயே வேலி போட்டுக்கொள்கிறான்.

நம் வீட்டில் இதற்கு அரசாங்க ஆணை தேவையில்லை. தெளிவாக இருக்கும் வேளையில் அவனே கேட்டுக்கொண்டபடி, சம்பளத்தை மனைவியோ தாயோ வாங்கி வைக்கட்டும். கடனை அவன் தன் உழைப்பில், தவணை தவணையாக அடைக்கட்டும். வைத்தியரிடமும் போகட்டும், வெட்கம் வேண்டாம். மனைவியின் மஹர் நகையை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். அது அவளுடைய சொத்து. கணவனின் கடனுக்கு அதைக் கழற்றிக் கொடுக்க ஷரீஅத் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.