அளந்திடும் அன்பு

ஸ்ரீ கெம்பாங்கான் வரிசை வீடுகளில், நடந்தால் மூச்சிரைக்கும் அளவு பருத்த பூனைகளைக் காண்கிறோம். காண்போர் நகைக்கின்றனர், வளர்ப்போர் பெருமை கொள்கின்றனர். பெருமைக்கு இதில் இடமுண்டோ?

1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், அரிசியின்றி மரவள்ளிக் கிழங்கால் உயிர் தாங்கியோர் நம் முன்னோர். ஆதலின், கேட்கும் வாய்க்கு இல்லையென்பது பாவம் என்னும் எண்ணம் நம்முள் ஊறியது. உயர்ந்த எண்ணமே. எனினும் மிகுதியும் ஒரு துன்பமாம்.

பூனை இரை தேடியலையும் பிராணி. வீட்டினுள் அடைபட்டு, கருத்தடையும் செய்யப்பட்டபின், அதற்கு வேண்டும் உணவு குறைகிறது. தட்டில் விழுவதோ குறைவதில்லை. நீரிழிவும் மூட்டுநோவும் தொடர்கின்றன. நிரப்புவது நம் கை. நோய் சுமப்பது அதன் உடல். அதன் குரலுக்கிரங்கி மீண்டும் இடுகிறோமே, யாருக்காக? அக்குரலைப் பொறாத நமக்காகவே அன்றோ?

இதனாற் சினந்து பட்டினி போடுதல் அதனினும் கொடிது. பருத்த பூனை சில நாள் உண்ணாதிருப்பின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே இடராகும். வாரத்திற்கு எடையில் நூற்றிலொரு பங்கு, அதாவது 7 கிலோ பூனைக்கு 70 கிராம், குறைதலே நன்று. அருகே செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவமனை உண்டு. உணவின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. கயிற்றுத் துண்டொன்றை இழுத்து அதனை நாள்தோறும் ஓடச் செய்க.

அள்ளியிட ஒரு கணம் போதும்; அளந்திட மாதங்கள் வேண்டும். தன் உணவைத் தானே அளக்கவியலாத உயிருக்கு நாம் செலுத்தும் கடன் அப்பொறுமையே.