யாரைத் தெரியும் உனக்கு?

எழுத்தாளர் மாநாட்டுக்குப் போகிறவனிடம் வாசலில் கேட்கப்படுகிற முதல் கேள்வி "என்ன எழுதியிருக்கீங்க?" என்பதாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது. "யார் மூலமா வந்தீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர் கெட்டவர் இல்லை. பேட்ஜ் எழுதிக் கொடுக்கிற பையன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

நான் அப்படி நின்றவன். சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல்லைப் பிரித்த 1997ஆம் வருசம். ராசிபுரத்துப் பக்கம் எங்க காலனியிலிருந்து பஸ் ஏறி ஓர் இலக்கிய மாநாட்டுக்குப் போனேன். கல்யாண மண்டபம். பந்திச் செலவு ஒரு கோழிப்பண்ணைக்காரருடையது, மேடைச் செலவு ரிக் வண்டி ஓட்டுகிற ஒருவருடையது. இரண்டு நாளும் யாரும் என்னை விரட்டவில்லை, திட்டவில்லை. பேசவும் இல்லை. கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் ஒருவரை ஒருவர் ஏற்கனவே தெரிந்திருந்தது. ஒருவர் இன்னொருவரின் மைத்துனரோடு காலேஜில் படித்தவர். ஒருவர் கல்யாணத்துக்கு இன்னொருவர் வாழ்த்துப்பா எழுதியவர். நான் சாப்பிட்டுவிட்டு, இலையை எடுத்துப் போட்டுவிட்டு, கடைசி பஸ்சுக்கு வந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் எனக்கு மூத்த ஒருவர் சொன்னார்: "முன்கூட்டியே லெட்டர் போட்டு நாலு பேரைப் பழக்கம் பண்ணிக்கிட்டுப் போகணும்டா. அவனவன் அப்பன், மாமன் வழியில பழக்கம் வெச்சிருக்கான். நீ கார்டுல வெச்சுக்க."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. சாதி இந்து எழுத்தாளனும் தொடர்புகளோடுதான் மாநாட்டுக்கு வருகிறான். அவன் அதைத் தேட வேண்டியதில்லை, பிறக்கும்போதே கையில் இருக்கிறது. காற்றை மாதிரி இருப்பதால் அவன் கண்ணுக்கு அது தெரிவதில்லை. நாம் அதையே பதினைந்து நாள் உட்கார்ந்து கடிதம் எழுதி உண்டாக்கினால் 'காக்கா பிடிக்கிறான்' என்கிறார்கள். ஒரே காரியம்தான். ஒருவனுக்குப் பழக்கம், இன்னொருவனுக்குக் காக்கா.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அடுத்த வருசம் அதே மாநாட்டுக்கு முன்னால் நான் பதினோரு கார்டு எழுதினேன். அந்தப் பதினொன்றையும் இன்று யாராவது எடுத்துக் காட்டினால் கூசிப்போவேன். 'தங்கள் கதைகளைப் படித்துப் பெரிதும் மகிழ்ந்தேன்' என்று எழுதியவர்களில் பாதிப் பேரின் கதையை நான் படித்ததே இல்லை. முகவரியில் 'காலனி' என்று போடவில்லை, 'கிழக்குத் தெரு' என்று போட்டேன். கிழக்கில்தான் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் ஏன் அப்படிப் போட்டேன் என்று எனக்குத் தெரியும். தபால்காரருக்கும் தெரிந்திருக்கும்.

அப்படியானால் கடிதம் எழுதுவதே தன்மானக் கேடா? நம் முன்னோடிகள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள். 1885இல் புனேயில் மராத்தி நூலாசிரியர்கள் மாநாடு கூடியபோது ரானடே, ஜோதிராவ் புலேவை அழைத்தார். புலேவுக்கு ஆள் தெரியாத பிரச்சினை இல்லை. அழைத்தவர்களை நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் வரமாட்டேன் என்று எழுதினார். மனிதனுக்குரிய உரிமையை எல்லோருக்கும் மனதார விட்டுக்கொடுக்காதவர்களின் சபையோடும் புத்தகத்தோடும் எங்களுக்கு ஒட்டாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அவரும் மாநாட்டுக்கு முன் கடிதம் எழுதியவர்தான். கதவைத் திறக்க எழுதவில்லை.

அம்பேத்கர் வேறு மாதிரி செய்தார். லாகூரிலிருந்த ஜாத்-பாத்-தோடக் மண்டல் 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டது. அவர் முதலில் தயங்கினார், பிறகு ஒத்துக்கொண்டார். பேசப்போவதை முன்னதாகவே அனுப்பினார். படித்தவர்களுக்கு வயிறு கலங்கியது. இதை எடுத்துவிடலாமா, அதைக் குறைத்துக்கொள்ளலாமா என்று எழுதினார்கள், பம்பாய்க்கே ஆள் அனுப்பினார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. மாநாடு நின்றுபோனது. அவர் அந்த உரையைத் தன் செலவில் 1500 பிரதி அச்சடித்தார். பக்கத்து ஈரோட்டிலிருந்து பெரியாரின் முயற்சியில் அது தமிழுக்கும் வந்தது.

நம்மில் பலர் அந்தப் புத்தகத்தின் உரைக்கு நேரே போய்விடுகிறோம். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது? மாநாட்டுக்காரர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து. அவர்கள் எழுதியது, இவர் எழுதியது, எல்லாவற்றையும் தூக்கி முன்னால் போட்டுவிட்டார். நான் அடிக்கடி நினைப்பது இதைத்தான். மாநாட்டுக்கு முன் எழுதிய கடிதத்தைத் தன் புத்தகத்தின் முகப்பில் அச்சடிக்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? கெஞ்சலுக்கும் தொடர்புக்கும் வித்தியாசம் கேட்டால் நான் இந்த அளவுகோலைத்தான் எடுப்பேன். இந்தக் கார்டை அச்சில் போட முடியுமா? என் பதினொன்றில் ஒன்றுகூடத் தேறாது.

இதோடு முடிந்திருந்தால் நான் சின்னதாக வெட்கப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். அந்தக் கார்டுகள் வேலை செய்தன என்பதுதான் விசயம். 1998 மாநாட்டுக்கு முன் அமைப்பாளர்களில் ஒருவர் பதில் போட்டார். 'உங்கள் பக்கம் எழுதுகிற தலித் தோழர்கள் இரண்டு பேர் பெயர் அனுப்புங்கள், கவியரங்கில் சேர்த்துக்கொள்கிறோம்.' அன்று ராத்திரியே இரண்டு பெயர் எழுதி அனுப்பினேன். இரண்டு பேரும் எங்க காலனிக்காரர்கள், பறையர்கள். அதில் ஒருத்தன் அதுவரை மொத்தம் மூன்று கவிதை எழுதியிருந்தான்.

எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொருவர் இருந்தார். சேகோ பேக்டரியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். குச்சிக்கிழங்கு அரைக்கிற சீசனில் உடம்பெல்லாம் மாவும் புளித்த வாடையுமாக டீக்கடைப் பெஞ்சுக்கு வருவார். பில் தாள்களின் பின்பக்கம் எழுதிய கவிதைகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படிப்பார். வீட்டில் தெலுங்கு, எழுதுவது தமிழ். அருந்ததியர். நல்ல கவிஞர். இதை இப்போது பெருந்தன்மையாகச் சொல்லவில்லை, அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அவர் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. மறைத்தேன் என்றால்கூடப் பரவாயில்லை, அது வெறும் அயோக்கியத்தனம். வரவில்லை. 'நம்ம பக்கம் யார் எழுதறாங்க' என்று யோசித்தபோது மனசு எங்க தெருவுக்குள்ளேயே சுற்றிவிட்டு வந்துவிட்டது. எங்க தெருவுக்கும் அவங்க தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். கிணறு வேறு, சுடுகாடு வேறு. டீக்கடையில் எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றதில்லை. அப்படி வளர்ந்த மனசுக்கு அவர் பெயர் எப்படி வரும்? ஞாபகம் நமக்குச் சொந்தமான ஒன்று என்று நினைக்கிறோம். தெரு போட்டவன் போட்டுக் கொடுத்த வழியில்தான் அது நடக்கிறது. கல்யாண மண்டபத்தில் கூட்டமாக நின்று பேசியவர்களுக்கு என் முகம் தெரியாமல் போனதும் இப்படித்தான் இருந்திருக்கும். அவர்களும் மறைத்திருக்க மாட்டார்கள்.

மாநாடு முடிந்து ஒரு வாரம் கழித்து டீக்கடையில் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல. "அதனாலென்ன தம்பி, எனக்குப் போட்ட கார்டு தபால்ல எங்காச்சும் மாட்டியிருக்கும்" என்றார். நான் "ஆமாண்ணே" என்றேன். போடாத கார்டுக்கு அவர் சாக்குச் சொன்னார், நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

'உட்சாதியைக் கிளறினால் ஒற்றுமை கெட்டுவிடும், எதிரி சிரிப்பான்' என்று தோழர்கள் சொல்வார்கள். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும் இதைக் கேட்டேன், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றபோதும் கேட்டேன். கெடுவதற்கு முதலில் அந்த ஒற்றுமை இருந்ததா என்று அந்தக் கவிஞரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். 1958இல் பம்பாயில் தலித் இலக்கிய மாநாடு கூடியபோது தொடங்கி வைத்தவர் அண்ணாபாவ் சாத்தே. பள்ளிக்கூடத்தில் ஏறக்குறைய கால் வைக்காதவர், மில் தொழிலாளி, கம்யூனிஸ்டு. மகர்கள் முன்னின்று நடத்திய இயக்கச் சூழலில் அவர் மாங் சாதியில் பிறந்தவர். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை, மகர் - மாங் கசப்பு இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அன்று பெயர்ப் பட்டியல் போட உட்கார்ந்தவர்களின் ஞாபகம் வாய்க்காலைத் தாண்டியிருக்கிறது. மேடையில் ஒரு மூலையில் அல்ல, தொடக்க உரைக்கே அவரை வைத்திருக்கிறார்கள். சட்டசபையில் 3 சதவீதம் என்று எழுதிவிடலாம். ராத்திரி உட்கார்ந்து இரண்டு பெயர் எழுதுகிறவனின் கையை எந்தச் சட்டம் பிடிக்கும்?

இப்போது கார்டு இல்லை. செல்போனில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த மாதிரி இருக்கிறது. யார் எண் யாருடைய போனில் இருக்கிறது என்ற விசயம் மட்டும் மாறவில்லை.

போன மாசம் ஒரு மாநாட்டுக்காரர்கள் என்னிடம் பெயர் கேட்டார்கள். இந்த முறை எழுதி அனுப்புவதற்கு முன் வாய்க்காலைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். பேக்டரி வேலையை விட்டுப் பல வருசமாகிறது, முதுகு போய்விட்டது. விசயத்தைச் சொன்னேன். பழைய கார்டு விசயத்தையும் சொன்னேன், போடவே இல்லை என்று. "தெரியும் தம்பி" என்றார். அவர் சம்சாரம் சோறு போட்டார்கள், சாப்பிட்டேன்.

"அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டார்.

என்னைத் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. வரப்போகிறவர்களில் எனக்குத் தெரிந்த மூன்று பேரைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேர் அருந்ததியர்கள், தருமபுரிப் பக்கம் ஒரு பெண், கோவையில் ஒரு பையன். போன் நம்பர் எழுதிக் கொடுத்தேன். பெண் என்ன எழுதுகிறது என்று விசாரித்தார். பழைய தாளெல்லாம் பரணில் ஒரு சேகோப் பையில் கட்டிப் போட்டிருக்கிறாராம். கரையான் அரிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வா, ஏறி எடுக்க எனக்கு முடியாது என்றார்.