உறுதியும் குடியிருப்பும்

வீடு யாருடையது என்று கேட்டால் சட்டம் உடனே விடை சொல்லிவிடும்: காணி உறுதியில் எவர் பெயர் இருக்கிறதோ அவருடையது. அறவியலுக்கும் சமயத்துக்கும் அந்த விடை போதுவதில்லை. மூன்று தலைமுறையாக ஓர் அறையிலே பிறந்து, மணம் முடித்து, இறந்த குடும்பத்துக்கு அந்த அறைமீது ஓர் உரிமையும் கிடையாதா? அங்கே ஒரு நாளும் படுத்துறங்காத ஒருவர், கையில் இருக்கும் உறுதியை வைத்து அதை விற்றுவிடலாமா? நன்மை செய்வதாகச் சொல்லிக்கொண்டு அரசு அந்தக் குடும்பத்தை வேறிடத்துக்கு மாற்றலாமா? கொழும்பின் புறக்கோட்டையிலும் அதையொட்டிய கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, வாழைத்தோட்டம் பகுதிகளிலும் இந்தக் கேள்விகள் நூறாண்டுக்கு மேலாக அன்றாட வாழ்க்கையின் கேள்விகளாக இருந்து வருகின்றன.

இப்பகுதி தொடக்கத்திலிருந்தே ஏழைகளின் பகுதியாக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கொழும்பின் செல்வந்தர் பலர் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் கடற்காற்று வீசும் பெரிய வளவுகளில் குடியிருந்தார்கள். 1875இல் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் வேலை முடிந்தது. காலித் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் கொழும்புக்கு வரத் தொடங்கின. பண்டசாலைகளும் தூசியும் இரைச்சலும் பெருகவே, வசதி படைத்தவர்கள் கறுவாத்தோட்டத்துக்கும் தெற்குக் கரையோரத்துக்கும் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளில் நீண்ட வரிசையாக ஒற்றை அறைகள் கட்டப்பட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் வாடகைக்கு விடப்பட்டன. ஒரு முற்றம், ஒரு பொதுக்குழாய், கடைசியில் சில கழிப்பறைகள்: இதுதான் கொழும்பில் ‘தோட்டம்’ என்றும் ‘வத்தை’ என்றும் சொல்லப்படும் குடியிருப்பு.

இங்கே வந்து சேர்ந்தவர்கள் பல திசையினர். கடன் தொழிலுக்கு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரதர், சோனகர், மலாயர், மேமன், போரா வணிகர், மலையாளிகள், மாநகரசபையின் துப்புரவு வேலைக்கு அழைத்துவரப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர், தென்மாகாணத்துச் சிங்களவர், யாழ்ப்பாணத்தார். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொழும்பு மாநகரில் சிங்களவர் நூற்றுக்கு 41 பேர், இலங்கைத் தமிழர் 29 பேர், சோனகர் 24 பேர். நாடு முழுவதையும் எடுத்தால் பெரும்பான்மையாக இருப்பவர்களும் தலைநகரில் பாதியை எட்டவில்லை. இந்தக் கலப்பை முன்னிட்டே மத்திய கொழும்பு பல காலம் மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்தது.

அருகருகே வாழ்வதால் மட்டும் அன்பு பிறந்துவிடாது. 1757இல் கட்டி முடித்த வுல்வெண்டால் டச்சுத் தேவாலயம், புனித லூசியாள் பேராலயம், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், பொன்னம்பலவாணேசுவரர் கோயில், செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், 1909இல் எழுந்த சிவப்புப் பள்ளிவாசல், கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அதே கொட்டாஞ்சேனையில்தான் 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. 2019 ஏப்ரல் 21, இன்னோர் உயிர்த்த ஞாயிறில், அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. எல்லாச் சமயத்தாரும் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்றிய இடம் அது. இங்கே கூடி வாழ்தல் என்பது ஒவ்வொரு நாளும் காத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

இந்த ஆலயங்கள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், நான்கு மரபுகளும் ஏறக்குறைய ஒன்றுபோல விடை தருகின்றன. சைவக் கோயிலின் நிலம் இறைவனுடையது. மனிதர் தருமகர்த்தாக்கள் மட்டுமே. சோழர் காலக் கல்வெட்டுகளில் சிவன் கோயில் நிலத்தின் கொடுக்கல் வாங்கல் சண்டேசுவரர் பெயரால் நடந்ததன் பொருளும் இதுதான். இஸ்லாத்தில் வக்பு செய்த, அதாவது இறைவனுக்கென நிலையாக ஒப்படைத்த, சொத்தை விற்கவும் முடியாது, பிள்ளைகள் முதுசமாகப் பெறவும் முடியாது. அதன் பயன் மட்டும் மனிதருக்கு உரியது. பௌத்த விநயம் தனிப்பட்ட பிக்குவின் உடைமையையும் சங்கத்தின் உடைமையையும் பிரிக்கிறது. இலங்கையின் பழைய பிராமிக் கல்வெட்டுகள், குகைகளை நான்கு திசைகளிலிருந்தும் வந்த சங்கத்துக்கும் இனி வரப்போகும் சங்கத்துக்கும் சேர்த்தே அளிக்கின்றன. இன்னும் பிறவாதவருக்கும் குடியிருப்பில் பங்கு வைத்த அந்தச் சிந்தனை வியக்கத்தக்கது. கிறிஸ்தவத்தில், பூமியின் பொருள்கள் எல்லாருக்கும் உரியவை என்ற கொள்கை தனியுடைமைக்கு முற்பட்டது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தனியுடைமை உரிமையை உறுதிசெய்தார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் அந்த உரிமை எவருக்கும் நிபந்தனையற்றதன்று என்று தெளிவுபடுத்தினார்.

இலங்கைச் சட்டமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சைவக் கோயில்களும், 1931ஆம் ஆண்டு பௌத்த விகாரைகள், தேவாலயங்கள் பற்றிய சட்டத்தின் கீழ் விகாரைகளும், 1956ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின் கீழ் பள்ளிவாசல்களும் விற்பனைக்கு வராத உடைமையாகக் காக்கப்படுகின்றன. ஆனால் இந்தக் கருத்து ஆலயச் சுற்றுமதிலோடு நின்றுவிடுகிறது. மதிலுக்கு வெளியே, பத்தடி அறையில் ஏழு பேர் வாழும் வீடு சாதாரணச் சந்தைப் பொருள். அங்கிருப்பவருக்குச் சமயங்கள் அன்னதானமும் சகாத்தும் தருமமும் அளித்தன, உரிமை அளிக்கவில்லை. இதைக் குறையென்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வேதநூல் ஒன்றே இந்த எல்லையை வெளிப்படையாக வரைந்திருக்கிறது. விவிலியத்தில் லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரம், நிலம் கடவுளுடையது என்பதால் அதை என்றென்றைக்கும் விற்கக்கூடாது என்றும், ஐம்பதாம் ஆண்டில் பழைய உரிமையாளருக்குத் திரும்ப வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆனால் மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு அது விலக்கு அளிக்கிறது. அதை ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் வாங்கியவருக்கே நிலைத்துவிடும். விளைநிலம் பிழைப்பு, நகர வீடு வெறும் கட்டடம் என்ற எண்ணம் இதற்கு அடிப்படையாக இருக்கலாம். புறக்கோட்டை நாட்டாமைக்கு, அதாவது மூட்டை சுமப்பவருக்கு, அந்த வேறுபாடு பொருந்தாது. விடியுமுன் பண்டசாலை வாசலில் நிற்க வேண்டியவருக்கு அருகிலுள்ள அறைதான் விளைநிலம். அதை இழந்தால் அவர் தொழிலையும் இழக்கிறார்.

அயலவரின் உரிமை பற்றியும் மரபுகள் பேசியிருக்கின்றன. வீடு விலைக்கு வரும்போது அதை முதலில் வாங்கும் உரிமையை ஹனபி சட்ட மரபு பக்கத்து வீட்டாருக்கும் தருகிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபி மரபோ அதைக் கூட்டுரிமையாளரோடு நிறுத்திக்கொள்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் இத்தகைய முன்வாங்கும் உரிமை உண்டு, ஆனால் அது வடமாகாணக் காணிக்கே செல்லும். ஆகவே கொழும்புத் தோட்டத்தில் சுவரோடு சுவராக வாழும் சோனகருக்கும் தமிழருக்கும் ஒருவர் வீட்டின் விற்பனையில் மற்றவருக்குச் சட்டப்படி ஒரு சொல்லும் இல்லை.

மேலை மெய்யியலில் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஜோன் லொக், உழைப்பைக் கலந்ததால் ஒரு பொருள் உடைமையாகிறது என்றார். அதை நேராக எடுத்துக்கொண்டால், கூரை மாற்றி, சீமெந்து பூசி, மேல்தட்டு அடித்து, சேற்று நிலத்தை வீடாக்கிய குடியிருப்பாளரே உரிமையாளர். மார்கரெட் ஜேன் ரேடின் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1982இல் வேறொரு வழியைக் காட்டினார். வாடகை வீடு அதன் முதலாளிக்குப் பணத்தால் ஈடுசெய்யக்கூடிய பொருள். அதில் வாழ்பவருக்கோ அவருடைய ஆளுமையோடு பிணைந்தது. இரண்டும் மோதினால் வாழ்பவரின் உரிமை மேலோங்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த வாதம் எழுதப்படுவதற்கு முன்பே இலங்கை அதைச் சட்டமாக்கியிருந்தது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளரை வெளியேற்றுவதைக் கடினமாக்கியது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரையறுத்து, மிகுதியானவற்றை அவற்றில் குடியிருப்பவரே வாங்க வழிசெய்தது. அதைக் கொண்டுவந்த வீடமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமன் மத்திய கொழும்பின் உறுப்பினர், கம்யூனிஸ்ட். வீட்டை ஒரு பொறுப்பாகக் கருதும் சமயக் கருத்தை ஆலய மதிலுக்கு வெளியே கொண்டுவந்தவர் ஒரு மதபோதகர் அல்லர் என்பது எண்ணிப்பார்க்க வேண்டியது. அதே தொகுதியின் இன்னோர் உறுப்பினரும் வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவருமான ஆர். பிரேமதாச, பின்னர் பிரதமராக இருந்து, 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். மக்கள் இருக்கும் இடத்திலேயே தமது வீட்டைத் திருத்திக்கொள்ள உதவுவது அதன் முக்கிய வழிகளில் ஒன்று.

இந்தச் சட்டங்களுக்கு விலையும் உண்டு. வாடகை உறைந்துபோனதால் முதலாளிகள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். புதிதாக வாடகைக்கு விடவும் பலர் அஞ்சினார்கள். உள்ளே இருந்தவர் காக்கப்பட்டார், வெளியிலிருந்து புதிதாக வருபவருக்குக் கதவு அடைபட்டது. குடியிருப்பதால் உரிமை உண்டாகிறது என்றால், இன்னும் குடியேறாதவரின் நிலை என்ன என்ற கேள்வி இங்கே எழுகிறது.

அந்தக் கேள்வியின் மிகக் கொடிய வடிவத்தை, உள்நாட்டுப் போர்க் காலத்தில், 2007 ஜூன் 7 காட்டியது. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். கொழும்பில் தங்கத் தக்க காரணம் இல்லாதவர்கள் என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே வெளியேற்றத்தைத் தடுத்தது. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க மன்னிப்புக் கேட்டார். உறுதியோ வாடகைச் சீட்டோ நீண்ட குடியிருப்போ இல்லாத ஒருவருக்கும் ஓரிடத்தில் இருக்க உரிமை உண்டு என்பதை இமானுவேல் கான்ட் 1795இலேயே சொல்லியிருந்தார்: பூமியின் பரப்பு எல்லாருக்கும் பொது, ஆதியில் எவருக்கும் ஓரிடத்தில் மற்றவரைவிடக் கூடுதல் உரிமை கிடையாது. கான்ட் இதை அந்நிய நாட்டுப் பயணிக்காகச் சொன்னார். சொந்த நாட்டின் தலைநகரில் சொந்தக் குடிமக்களுக்கு அந்தக் குறைந்தபட்ச உரிமையும் மறுக்கப்பட்டது.

வெள்ளவத்தையின் கதை வேறு. 1983இல் தமிழருக்கு எதிரான வன்முறையில் எரிக்கப்பட்ட வீடுகள் இருந்த அதே தெருக்களில், புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணத்தால் தொடர்மாடிகள் எழுந்தன. போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு அது அடைக்கலம். இன்று அங்கும் கொட்டாஞ்சேனையிலும் வீடு தேடுபவரிடம் சமயமும் சாதியும் சைவ உணவும் விசாரிக்கப்படுகின்றன. அஞ்சியவர்கள் ஒன்றுகூடி வாழ விரும்புவதில் நியாயம் உண்டு. அந்த நியாயம், விரட்டப்பட்டவரே இன்னொருவருக்குக் கதவடைக்கும்போது தீர்ந்துவிடுகிறது. தன் சமையலறையில் மீன் பொரிப்பவருக்கு வீடு மறுப்பது ஆசாரமாகாது.

போருக்குப் பின் நகர அபிவிருத்தி அதிகாரசபை முன்வைத்த கணக்கின்படி, கொழும்பில் 68,812 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் ஏறத்தாழ 900 ஏக்கரில், மாநகரின் நூற்றுக்கு 9 பங்கு நிலத்தில் வாழ்ந்தன. நகரமக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பத்திலொன்றுக்கும் குறைவான நிலத்தில் நெருக்கியடித்திருப்பதைக் காட்டும் இந்த எண், அந்த நிலத்தை விடுவிப்பதற்கான காரணமாகப் படிக்கப்பட்டது. அதிகாரசபை அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. 1998இல் தொடங்கிய முந்திய திட்டத்தில் தோட்டத்து வீட்டைக் கொடுத்தவர் சஹஸ்புர தொடர்மாடியின் 671 வீடுகளில் ஒன்றை ஈடாகப் பெற்றார். அதிகாரசபையின் புதிய இடம்மாற்றத் திட்டத்திலோ, சுமார் 400 சதுர அடி வீட்டுக்குப் பல குடும்பங்கள் நீண்டகாலத் தவணையில் பணம் கட்ட வேண்டியிருந்தது. விட்டுவந்த வீட்டின் பெறுமதி கணக்கில் சேரவில்லை.

இடம்மாற்றத்தை எதிர்ப்பவர்கள் தோட்டத்து வாழ்க்கையை அழகுபடுத்திப் பேசுவதும் தவறு. இரவில் பொதுக் கழிப்பறைக்குப் போக அஞ்சும் பெண்ணும், மழைநாளில் கால்வாய் நீர் புகும் வீட்டில் பாடம் படிக்கும் பிள்ளையும் தொடர்மாடி வேண்டும் என்று கேட்கும்போது, அது அவர்களின் உண்மையான விருப்பம். கேட்கப்படாமலே அனுப்பப்படுவதுதான் அநீதி. பன்னிரண்டாம் மாடியில் இடியப்பம் அவித்து விற்க வாடிக்கையாளர் ஏறி வரமாட்டார். தள்ளுவண்டி நிறுத்த இடமில்லை. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுச்செல்லும் அயல்வீடு வேறொரு கட்டடத்துக்குப் போய்விட்டது. சதுர அடியில் அளக்கும் மதிப்பீட்டில் இவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. குடியிருப்பதால் உண்டாகும் உரிமையின் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கிறது.

தொடர்மாடிகளில் புதிய ஒரு நிலைமையும் தோன்றியிருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி, வீட்டின் உரிமையோடு படிக்கட்டு, மின்தூக்கி, கட்டடம் நிற்கும் நிலம் ஆகியவற்றில் பிரிக்க முடியாத பங்கும் வருகிறது. அந்தப் பங்கைத் தனியே விற்க முடியாது. உரிமையாளர்கள் கூட்டாக அமைக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அதைப் பராமரிக்க வேண்டும். வக்பு முஸ்லிமின் பொறுப்பு, கோயில் நிலம் சைவரின் பொறுப்பு, சங்கத்தின் உடைமை பிக்குகளின் பொறுப்பு. கொழும்பு வடக்கின் தொடர்மாடிப் படிக்கட்டு இவர்கள் எல்லாருக்கும் சேர்த்த பொறுப்பு. பல சமயத்தார் ஒன்றாகத் தருமகர்த்தாக்களாக இருக்கும் இத்தகைய உடைமைக்குப் பழைய அறநூல்களில் நேரான விதி இல்லை. மின்தூக்கிச் செலவை யார் எவ்வளவு தருவது, பொது மண்டபத்தில் எந்தச் சடங்கு எப்போது நடப்பது என்று அங்கு வாழ்பவர்களே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் அதைச் செய்ய, உறுதி அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். கட்டடத்தின் முகாமையும் அதிகாரிகளிடமிருந்து அவர்களிடம் கைமாறியிருக்க வேண்டும்.