கையெழுத்துக்கு யார் பொறுப்பு?

திருவள்ளூரை அடுத்த பாண்டூரிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பி.டி.எஸ். முடிப்பவர் உள்நாட்டில் எம்.டி.எஸ். படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் நீட் எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 240 கேள்விகள், 960 மதிப்பெண். யாருடைய பரிந்துரைக்கும் அங்கே இடமில்லை. அவரே அமெரிக்காவில் உயர்பயிற்சிக்கு விண்ணப்பித்தால், பேராசிரியர்கள் எழுதும் கடிதங்களும் சேர்ந்து போக வேண்டும். அந்நாட்டின் தேசிய வாரியத் தேர்வு 2012 முதல் மதிப்பெண் தருவதில்லை. தேர்ச்சியா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மதிப்பெண் மறைந்த இடத்தில் கடிதத்துக்குச் செல்வாக்கு கூடுவது இயல்புதான். ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொருவரின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நம்பவே கூடாது என்பவர்களின் வாதம் வலுவானது. தமிழ்நாட்டில் 1970-71 மருத்துவச் சேர்க்கையின்போது நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்தது. அது வழங்கப்பட்ட விதத்தை எதிர்த்து ஏ. பெரியகருப்பன் தொடுத்த வழக்கில், அந்தச் சேர்க்கை முறையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆளைப் பார்த்து மதிப்பிடும் அதிகாரம் எங்கே நுழைந்தாலும் சலுகையும் கூடவே நுழையும் என்ற அச்சம் இங்கே காரணமில்லாமல் வளர்ந்ததல்ல. டாக்டர் குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பாவின் வகுப்புத் தோழரே துறைத் தலைவராக இருக்கக்கூடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை ஷிப்டு பார்க்கிறவரின் மகளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? பெயர் தெரியாமல் திருத்தப்படும் விடைத்தாள்தான் அவளுக்குப் பாதுகாப்பு.

ஆனாலும் அந்த விடைத்தாளுக்குத் தெரியாதவை பல. சிப்காட் பகுதியில் நடக்கும் பல் மருத்துவ முகாமுக்கு ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி ஒருவர் பல்வலி என்று வருவதாக வைத்துக்கொள்வோம். வாயில் புகையிலையை அடக்கியே பழகியவர். ஒரு பயிற்சி மருத்துவர் வலிக்கிற பல்லை மட்டும் பார்த்து அனுப்பிவிடலாம். இன்னொருவர் கன்னத்தின் உட்புறத்தையும் பார்த்து, அங்கே இருக்கும் வெள்ளைத் திட்டைக் கவனித்து, மொழி தெரியாவிட்டாலும் கையைக் காட்டியாவது அதன் ஆபத்தை விளக்கி, மேல்பரிசோதனைக்கு அனுப்பலாம். இருவரும் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கக்கூடும். இருவருக்கும் உள்ள வேறுபாடு பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். அவர் அதை எழுதினால், அந்தக் கடிதம் சலுகை அல்ல, சாட்சியம்.

சாட்சியத்துக்கு மதிப்பு, சொல்பவர் நேரில் கண்டிருக்கிறார் என்பதால் வருவது. நடைமுறை அப்படி இல்லை. ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லும் பேராசிரியர்கள் உண்டு. மாணவர் தன்னைத் தானே புகழ்ந்து எழுதுகிறார். அல்லது சீனியருக்குக் கிடைத்த கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றுகிறார். இதில் மாணவரின் குற்றம் சிறியது. இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் இருப்பவர் அவர். இழக்க எதுவும் இல்லாத நிலையிலும் பேராசிரியர் காணாததைக் கண்டதாகக் கையெழுத்திடுகிறாரே, பெரிய பொறுப்பு அவருடையது.

‘ஒரு பிள்ளை முன்னேறட்டுமே, நமக்கென்ன நஷ்டம்’ என்பது அப்படிக் கையெழுத்திடுபவர்கள் சொல்லும் சமாதானம். நஷ்டம் உண்மையில் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் அதை இரக்கம் என்று சொல்ல முடியாது. பொய்க் கடிதத்தால் ஓர் இடம் கைமாறினால், உண்மைக் கடிதத்தோடு விண்ணப்பித்த ஒருவர் வெளியே நிற்கிறார். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி புகழ்ந்தால், அளந்து எழுதும் நேர்மையான ஆசிரியரின் சொல் குறைத்துப் பேசுவதாகத் தோன்றும். கடைசியில் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளி, அந்தக் கையெழுத்தை யாருடையது என்றே அறியாமல் நம்புகிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் மாணவருக்குத் தருகிறது. அதை விட்டுக்கொடுத்து விண்ணப்பிக்கவும் மாணவருக்கு வழி இருக்கிறது. ரகசியம் இருந்தால் ஆசிரியர் மனம்விட்டு எழுதலாம். அதே மறைவில் பழைய கோபத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். மாணவரின் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத எதையும் கடிதத்தில் எழுதாதிருப்பதே இதற்கு நல்ல அளவுகோல்.

ஆகவே, இங்கே எம்.டி.எஸ். இடத்தைத் தேர்வே தீர்மானிப்பது நியாயம். சாதியும் பணமும் உறவும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கும் சமூகத்தில் கடிதத்துக்கு அந்த அதிகாரத்தைத் தரக் கூடாது. கடிதம் கேட்கும் இடங்களுக்கு எழுதும் ஆசிரியர், எந்தத் துறையில், எவ்வளவு காலம், என்ன வேலையை நேரில் பார்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும். குறை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பார்க்கவே இல்லையென்றால், ‘என்னால் எழுத முடியாது, உன் வேலையைப் பார்த்தவரிடம் கேள்’ என்று மறுப்பதே ஆசிரியருக்கு அழகு.