குற்றமற்றவன் அபராதம் கட்டலாமா?

குற்றம் செய்யாத ஒருவன், வழக்கு என்றைக்கு முடியுமோ என்று அஞ்சி அபராதத்தைக் கட்டிவிட்டு வருவது சரியா? நம் வர்த்தக அன்பர்கள் பலர் இதற்கு யோசிக்காமலே விடை சொல்லிவிடுவார்கள்: "பணத்தோடு போகட்டும், கடையைப் பார்." கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கு அது நியாயமான கணக்குத்தான். ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு பற்று விடுபட்டுப் போகிறது.

சிங்கப்பூரில் போக்குவரத்துக் குற்றங்கள் பலவற்றுக்கு இரு வழிகள் உண்டு. கேட்ட தொகையைக் கட்டினால் விவகாரம் அத்துடன் தீரும். "நான் செய்யவில்லை" என்பவர் நீதிமன்றப் படியேற வேண்டும். உழைப்பவர்கள் நாளை இழக்கக் கூடாதென்று 1992-லேயே இரவு நீதிமன்றங்கள் ஏற்பட்டன. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் ஒப்புக்கொள்பவர் ஒரே இரவில் காரியத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பலாம். மறுப்பவருக்கோ அதற்குப் பின்னும் தேதிகள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் வியாபாரம். நாள் போகப் போகச் சாட்சியின் நினைவும் மங்கும். அன்று மாலை விளக்கு மஞ்சளா சிவப்பா என்பதை எத்தனை மாதம் ஒருவர் நினைவில் வைத்திருப்பார்? தாமதத்துக்குப் பயந்து கட்டப்படும் பணத்தை அபராதம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அது நியாயம் கேட்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை.

மறுப்பவரெல்லாம் நிரபராதிகள் என்று நாம் வாதிக்க வரவில்லை. போலீஸ்காரர் மறந்துவிடுவார் என்று காலம் கடத்துபவர்களும் உண்டு. (நம்மவர்களில் அப்படி யாரும் இல்லை என்று சொல்லத் துணிவில்லை!) கனடா நாட்டு உச்சநீதிமன்றம் இதற்கொரு வழி கண்டது. கீழ்நீதிமன்ற வழக்கு 18 மாதங்களுக்குள் முடிய வேண்டும், மீறினால் தாமதம் நியாயமற்றதென்றே கருதப்படும் என்று 2016-ல் விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரே உண்டாக்கிய தாமதம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் அதே நீதிமன்றத்தின் 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை அடுத்து, ஒன்டாரியோ மாகாணத்தில் பல்லாயிரம் வழக்குகள் விசாரணையின்றியே கைவிடப்பட்டன. அதிலும் நமக்குத் திருப்தியில்லை. வழக்கு கைவிடப்பட்டதால் ஒருவர் குற்றமற்றவரென்று ஆகிவிடவில்லை. வண்டி மோதிக் காலொடிந்தவருக்கோ நியாயமே கிடைப்பதில்லை.

விடுபட்ட பற்றுக்கு வருவோம். கடை வேனை ஓட்டுபவர் பெரும்பாலும் முதலாளி அல்லர், சம்பளத்துக்கு இருக்கும் டிரைவர். ஓட்டியவர் யார் என்று அதிகாரிகள் கேட்டால் வண்டிச் சொந்தக்காரர் சொல்லியாக வேண்டும். முதலாளி தாராளமாகப் பணத்தைக் கொடுத்து, "கட்டிவிட்டு வா" என்கிறார். பணம் முதலாளியுடையது, குற்றப் புள்ளிகளோ டிரைவரின் பெயரில் ஏறுகின்றன. சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு 12 புள்ளிகள். 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால், முதல் தடவையே 12 வாரங்களுக்கு லைசென்ஸ் முடக்கம். அந்த 12 வாரமும் அவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு?

தம் பெயரில் வந்த சம்மனுக்கு முதலாளி பணம் கட்டிவிட்டுப் போகட்டும், அது அவர் விருப்பம். பிறர் பெயரில் ஏறும் குற்றத்தை ஒப்புக்கொள்ள நமக்கு உரிமை ஏது? "நான் தாண்டவில்லை" என்று டிரைவர் உறுதியாகச் சொன்னால், வழக்குத் தேதிகளில் அவருக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து அனுப்புங்கள். அந்தச் செலவைக் கடைக் கணக்கில் எழுதுங்கள்.