கடமையின் சொற்கள்

கடமையைச் சொல்ல ஆங்கிலத்தில் மஸ்ட், ஹேவ் டு, ஷுட், ஆட் டு, ஷல் எனப் பல துணைவினைகள் உண்டு. தமிழில் இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ‘வேண்டும்’ என்ற சொல்லே வந்து நிற்கிறது. அந்தக் கடமை யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டால் ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு விளங்கும்.

மஸ்ட் பொதுவாகப் பேசுபவரே விதிக்கும் கட்டாயம். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்பவரிடம் மேஸ்திரி “கையுறை போட்டே ஆகணும்” என்றால் அது மஸ்ட். அந்தத் தொழிலாளி வீட்டில் “காலையில ஆறு மணிக்கே போக வேண்டியிருக்கு” என்றால் அது ஹேவ் டு, விதித்தவர் வேறொருவர். எதிர்மறையில் இந்த இரண்டும் வெகுதூரம் விலகிவிடும். மஸ்ட் நாட் என்றால் ‘கூடாது’, டோன்ட் ஹேவ் டு என்றால் ‘வேண்டியதில்லை’.

ஷுட் அறிவுரை, ஆட் டு அறத்தை ஒட்டியது. ஐ.எஸ்.ஓ. தரநிலைகளில் ஷல் நிபந்தனை, ஷுட் பரிந்துரை. இரண்டையும் ‘வேண்டும்’ என்றே பெயர்த்தால், எதை விட்டால் தர ஆய்வில் தவறிப்போவோம் என்பது ஏற்றுமதித் தொழிற்சாலையில் இருப்பவருக்குத் தெரியாது.

அதே ஆம்பூர் வழியே ஓடும் பாலாற்றின் கதையில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. டேனரிக் கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடலாகாது என்பது நடைமுறையில் நெடுங்காலம் ஆட் டு அளவிலேயே நின்றது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அன்று முதல் அந்தக் கடமை டேனரிகளுக்கு ஹேவ் டு ஆனது. கெட்டுப்போன நிலத்துக்கு எஞ்சியது ஷுட் ஹேவ்: முன்பே செய்திருக்க வேண்டும்.

தமிழிலும் ‘செய்தாக வேண்டும்’, ‘செய்ய வேண்டியிருக்கிறது’, ‘செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்’ என்ற வேறுபாடுகள் உண்டு. தேர்ந்து ஆள்வது எழுதுபவர் பொறுப்பு. ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத் துணைவினைகளுக்கு இல்லாத ஒரு வளமும் உண்டு: விருப்பமும் கடமையும் அதில் ஒன்றாக இருக்கின்றன. ‘தண்ணீர் வேண்டும்’ என்பதற்கும் ‘ஆற்றைக் காக்க வேண்டும்’ என்பதற்கும் பாலாற்றங்கரையில் சொல் ஒன்றுதான்.