எதுவரை பார்ப்பது?

நாய்க்கோ பூனைக்கோ உயிருக்கு ஆபத்து என்று நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. ட்ரிப்ஸ் ஏறத் தொடங்கி, மூச்சு கொஞ்சம் சீரானதும் மருத்துவர் நம் பக்கம் திரும்புவார். "ஸ்கேன் எடுக்கணும். ஆபரேஷன் தேவைப்படலாம். எதுவரை பார்க்கலாம்னு நீங்கதான் சொல்லணும்." செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் கையோடு சொல்லிவிடுவார். மனிதர்களுக்கான மருத்துவமனையில் இதை இவ்வளவு நேராக யாரும் கேட்பதில்லை. இங்கே நோயாளிக்குப் பேச்சு கிடையாது. வேண்டும், வேண்டாம் இரண்டையும் அதற்காக நாம்தான் சொல்ல வேண்டும்.

ஈரமில்லாத கேள்வி என்று பலர் மனம் நோகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிராணியை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்றைக்கே நாம் ஏற்றுக்கொண்ட கேள்வி அது.

கால்நடை மருத்துவத்துக்கு இந்தச் சங்கடம் முன்பு இவ்வளவு இருந்ததில்லை. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அதை நிறுவியவர்கள் கண்முன் இருந்தவை குதிரைகளும், கொள்ளைநோயில் மடிந்துகொண்டிருந்த மாடுகளும். 1903இல் பிறந்த சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உழவு மாடும் வண்டிக் குதிரையும் ஓடிய காலத்தைச் சேர்ந்தது. மாட்டு வைத்தியத்துக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. அது மாட்டின் விலை. விற்றால் கிடைப்பதைவிட வைத்தியத்துக்கு அதிகம் ஆகுமென்றால் விவசாயி அழுவார். ஆனால் என்ன செய்வது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்காது. தெருவிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாய்க்கு விலையே இல்லை. அதனால் எல்லையும் இல்லை.

பாசம் இன்று நேற்று வந்ததல்ல. செங்கம் பக்கம் எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அதன் பெயரும், கள்ளர் இருவரை அது கடித்துக் காவல் நின்றதும் கல்லிலேயே இருக்கின்றன. 1,400 ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாய் படுகாயப்பட்டிருந்தால் அதைக் காப்பாற்ற யாராலும் முடிந்திருக்காது. கல் நடத்தான் முடிந்தது.

இன்று நிறைய முடிகிறது. வேப்பேரி மருத்துவமனையில் இதயம், கண், தோல், எலும்பு என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். நாய்களுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள், டயாலிசிஸ் செய்கிறார்கள். ரத்தன் டாடா ஒருமுறை தன் நாயின் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்காக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் வரை போனார். அதற்குள் காலம் கடந்திருந்ததால் மூட்டை ஒரே நிலையில் இறுக்கி வைக்க மட்டுமே முடிந்தது. பிறகு 2024இல் மும்பை மகாலட்சுமியில் 165 கோடி ரூபாய் செலவில் டாடா அறக்கட்டளையின் சிறுபிராணிகள் மருத்துவமனை திறந்தது. அவ்வளவு தூரம் போக வசதி உள்ளவருக்கே நேரம் தப்பிப்போயிருக்கிறது என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

ஏனென்றால் அவசர சிகிச்சையில் முக்கால்வாசி நேரம்தான். பார்வோ வந்த குட்டிக்கு வைரஸைக் கொல்லும் மந்திர மருந்து எதுவும் தேவையில்லை. வாந்தியிலும் ரத்தப்பேதியிலும் போகும் நீரை ஊசி வழியே விடாமல் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். கொடுக்காவிட்டால் பெரும்பாலானவை சாகும். ஆண் பூனை மண் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுப்பவர்கள் உண்டு. பல சமயம் அது சிறுநீர் அடைப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஒன்றிரண்டு நாளில் இதயத்தை நிறுத்திவிடும். நேரத்துக்குப் போனால் ஒரு குழாய் போட்டுத் திறந்துவிடலாம். கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் முடிந்து சில வாரம் கழித்து ஓயாமல் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுத்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான நாய்க்கு வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு விடியும்வரை காத்திருக்க முடியாது. பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பது போன்ற கொடுமை வேறில்லை. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு; ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடலாம்.

இவை எல்லாம் சாக வேண்டிய நோய்கள் அல்ல. "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிக் கைவிடப்படுபவற்றில் எத்தனையோ, இன்னும் பத்து வருஷம் வாசலில் வெயில் காய்ந்திருக்க வேண்டியவை. சின்ன ஊர்களில் நிலைமை இன்னும் கடினம். அரசு மருந்தகம் மாலையோடு மூடிவிடும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற கல்லூரி மருத்துவமனைகளுக்கு வண்டி பிடித்துப் போவதற்குள் பாதி இரவு ஓடிவிடும். நாயை ஏற்ற மாட்டேன் என்னும் ஆட்டோக்காரர்களும் உண்டு.

எதுவரை என்ற கேள்வி உண்மையில் உறைக்கத் தொடங்குவது இன்னொரு வகை நோயில். எங்கள் நாய் செம்பனுக்கு வயதாகி, ஒரு மழைக்காலத்தில் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தான். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் வெகுவாக ஏறியிருந்தது. சிறுநீரகத்தின் திறனில் நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் அது ஏறும் என்று மருத்துவர் விளக்கினார். அடுத்த மேஜையில் ஒரு வயதுகூட நிரம்பாத லாப்ரடார் ஒன்று கிடந்தது. அதற்கும் சிறுநீரகம்தான். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரிலிருந்து தொற்றும் லெப்டோஸ்பைரோசிஸ். அதற்கு டயாலிசிஸ் செய்ய முடிவெடுத்தார்கள். "என் பையனுக்கும் பண்ணுங்க டாக்டர், பணம் பார்த்துக்கலாம்" என்றேன்.

"பண்ணலாம்மா. ஆனா அந்தக் குட்டியோட கிட்னி திரும்ப எழுந்துக்கும். அதுவரைக்கும் மெஷின் தாங்கிப் பிடிக்கும். இவனோடது எழுந்துக்காது. மெஷினை விட்டா மறுபடி இதே நிலைமைதான்" என்றார்.

இயந்திரம் ஒன்றுதான். ஒரு நாய்க்கு அது சரியான பதில், இன்னொன்றுக்கு அல்ல. அன்று வரை பணத்தையும் பாசத்தையும் வைத்தே எல்லோரும் இதை முடிவு செய்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன். கேட்க வேண்டியது, சிகிச்சைக்கு அந்தப் பக்கம் அந்தப் பிராணிக்கு எப்படிப்பட்ட நாள் இருக்கிறது என்பதுதான். டயாலிசிஸ் மேஜையில் படுக்கும் மனிதருக்கு, மகள் கல்யாணம்வரை இருந்துவிட வேண்டும் என்று ஒரு காரணம் இருக்கும். ஊசியின் வலியை அந்தக் காரணத்தில் சாய்த்துக்கொள்வார். செம்பனுக்கு அடுத்த மாதம் என்று ஒன்று இல்லை. அவனுக்குத் தெரிந்தது ஊசியும், அந்நிய வாசனையும், நாங்கள் பக்கத்தில் இல்லாத கூண்டும்தான். வரப்போகும் நாளைச் சொல்லி அவனைச் சமாதானப்படுத்த எங்களிடம் மொழி இல்லை.

அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தோலுக்கடியில் நீர் ஏற்ற மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்கென்றே ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, உடலில் நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று அதில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தினமும் சாயங்காலம் நானும் கணவரும் உட்கார்ந்து பார்த்தோம். சில வாரம் நல்ல நாட்களே அதிகம் இருந்தன. பிறகு குறைந்தன. படுத்த இடத்திலேயே ஈரம் செய்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் அவன் திரும்பிக்கொண்ட வாரத்தில் மருத்துவரை வீட்டுக்கு வரச் சொன்னோம். ஊசி போடும்போது அவன் தலை என் மடியில் இருந்தது.

"எப்படி மனசு வந்தது?" என்று உறவினர் சிலர் கேட்டார்கள். அவர்கள் கேள்வியில் அன்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். என்றாலும் இயற்கையாகப் போகட்டும் என்று விடுவது எப்போதும் கருணையாகாது. காட்டில் நோயுற்ற விலங்கின் வேதனையைப் பசியும் வேட்டையும் சீக்கிரமே முடித்துவிடும். நம் வீட்டில் சோறும் மருந்தும் அந்த முடிவைத் தள்ளிப்போடுகின்றன. தள்ளிப்போட்டவர்களுக்கு அதன் பொறுப்பும் உண்டு.

பணத்தைப் பற்றி வெட்கமில்லாமல் பேச வேண்டும். வேப்பேரியில் வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மாவைப் பார்த்தேன். அவர் தூக்கி வந்திருந்தது வண்டியில் அடிபட்ட தெருநாய். "என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு சார், இதுக்குள்ள என்ன பண்ண முடியுமோ பண்ணுங்க" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொன்னார். மருத்துவர் ஸ்கேனைத் தள்ளிவைத்தார். எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு ஊசி போட்டு, காலைக் கட்டினார். அந்த நாய்க்குக் கிடைக்கக்கூடியதில் நல்லது கிடைத்தது. காசைச் சொல்லத் தயங்கி, எல்லாச் சோதனைக்கும் தலையாட்டிவிட்டு, நடுவழியில் கட்ட முடியாமல் மருத்துவரைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் திட்டு முழுவதையும் தாங்கிக்கொண்டு அடுத்த நாயைத் தொட்டுப் பார்க்கும் அந்த இளம் மருத்துவர்களுக்காக எனக்கு மனம் வலிக்கும்.

இப்போது வீட்டில் மல்லி என்ற நாய் இருக்கிறாள். அவள் நன்றாக இருக்கும்போதே இதையெல்லாம் பேசி முடித்துவிடுவது என்று நானும் கணவரும் உட்கார்ந்தோம். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண், வண்டி ஓட்ட அழைக்க வேண்டிய பக்கத்து வீட்டுத் தம்பியின் எண், அவள் எடை, போட்ட தடுப்பூசிகள் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியாயிற்று. அவளுக்கென்று மாதம் ஒரு தொகை ஆர்டியில் போகிறது. அடிபட்டால், விஷம் தின்றால், குடல் அடைத்தால் மறுபேச்சில்லாமல் ஆபரேஷன். மீளாத சிறுநீரகத்துக்கு மெஷின் இல்லை. புற்றுநோய் வந்தால் என்ன செய்வது என்பதில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. நாய்களுக்குக் குறைந்த அளவில்தான் கீமோ கொடுக்கிறார்கள், மனிதர்களைப் போல் அவை அவ்வளவு துவண்டுவிடுவதில்லை, அதனால் செய்யலாம் என்கிறார் அவர். அவர் சொல்வது சரிதான். ஆனால் ஊசி போடும் வாசலைக் கண்டாலே நடுங்குகிறவள் மல்லி. அவளை ஒவ்வொரு தடவையும் அங்கே இழுத்துக்கொண்டு போவதை நான் யோசிக்கிறேன். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடமே கேட்டுவிடலாம் என்று வைத்திருக்கிறோம்.